பல்லாவரம் தாண்டிட்டேன்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். குரோம்பேட்டையிலிருந்து சென்னை பூங்கா ஸ்டேஷன் வரை தினமும் ரயிலில் வேலைக்குப் போகிறேன். குடி, சூது எதுவும் கிடையாது. என்னைத் தோற்கடிப்பதெல்லாம் சில்லறை விஷயங்கள்தான். சீசன் டிக்கெட் முடிந்த பிறகும் “இன்றைக்கு ஒரு நாள்தானே” என்று ஏறிவிடுகிறேன். வீட்டில் பல் தேய்த்துக்கொண்டே போனில் மேலாளரிடம் “பல்லாவரம் தாண்டிட்டேன் சார்” என்கிறேன். ராத்திரி வேதம் வாசிக்கப் போனை எடுத்தால் ரீல்ஸில் போய் முடிகிறது. ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் எடுக்கும் தீர்மானங்கள் குருத்தோலை ஞாயிறு வரைகூடத் தாங்குவதில்லை. மன உறுதி கேட்டு ஜெபிக்கிறேன். ஏன் கிடைக்கவில்லை?

ஒரு வாசகர், குரோம்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பல் தேய்த்தபடி பல்லாவரம் தாண்டியதை வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் ஹாலில் உட்கார்ந்தபடியே கிண்டி வரை போயிருக்கிறேன்.

கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் மன உறுதியைப் பற்றிப் பேச்சே இல்லை, கவனித்தீர்களா? “எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்” என்றுதான் இருக்கிறது. சோதனை என்றால் பரீட்சையும்தான்; அங்கே உள்ள ‘பெய்ராஸ்மோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கும் இரண்டு அர்த்தமும் உண்டு. நல்ல மார்க் வாங்கப் பலம் தாரும் என்று நாம் கேட்கவில்லை. அந்தப் பரீட்சைக்கே என்னை அனுப்பாதேயும், தேறமாட்டேன் என்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இப்படிச் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை நாமே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறோம்.

எங்கள் சபையில் ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் நிற்போம். பேச்சு பிரசங்கத்தில் ஆரம்பித்து கமிட்டித் தேர்தலில் வந்து நிற்கும். தேர்தலில் நின்ற ஒருவரைப் பற்றி அங்கே காதில் விழுந்ததை நானும் இரண்டு பேரிடம் சொன்னேன். அது பொய் என்று பிறகு தெரிந்தது. அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மனைவி கொடுத்த காபி தொண்டையில் இறங்கவில்லை. இனி வாயைத் திறப்பதில்லை என்ற தீர்மானத்தோடு அடுத்த வாரமும் அதே மரத்தடிக்குப் போனேன். பத்து நிமிடம் தாங்கியது. அப்புறம்தான், ஆசீர்வாதம் சொல்லி முடித்ததும் பக்கவாட்டு கேட் வழியாக வெளியேற ஆரம்பித்தேன். கோழைத்தனம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். இருக்கட்டும். சோதனையோடுகூட “தப்பிக்கொள்ளும்படியான போக்கையும்” தேவன் உண்டாக்குவார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார். எனக்கு அந்தப் போக்கு துருப்பிடித்த ஒரு கேட்.

உங்கள் டிக்கெட்டும் ரீல்ஸும் இந்த வகைதான். மூன்று மாத சீசன் எடுங்கள். வருடத்துக்கு 12 பரீட்சை 4 ஆகிவிடும். (டிக்கெட் இல்லாமல் ஏறுவது திருட்டு. அதைச் சில்லறைக் கணக்கில் வைக்காதீர்கள்.) வேதத்தை அச்சுப் புத்தகத்தில் வாசியுங்கள், போன் சமையலறையில் தூங்கட்டும்.

மேலாளரின் போன் வேறு வகை. அதற்குப் பக்கவாட்டு கேட் கிடையாது, எப்படியும் அடிக்கும். 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் எவாக்ரியஸ் என்றொரு துறவி இருந்தார். மனதைத் தொல்லை செய்யும் எண்ணங்களைப் பெருந்தீனி தொடங்கிப் பெருமை வரை எட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திருப்பிச் சொல்ல 400-க்கும் மேற்பட்ட வேதவசனங்களை எழுதி வைத்தார். இயேசுவும் வனாந்தரத்தில் சாத்தான் சோதித்த மூன்று தடவையும் வேதத்தின் உபாகமப் புத்தகத்திலிருந்துதான் பதில் சொன்னார். அந்த நொடியில் யோசித்தால் நமக்கு வருவது பொய்தான், ஏனென்றால் அது பழகின பதில். திட்டு வாங்கப் பயந்துதான் அதைச் சொல்கிறோம். ஆகவே உண்மையான வாக்கியத்தை முந்தின ராத்திரியே ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். முந்தாநாள் நண்பர் ஒருவர் எங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்று போனில் கேட்டார். “இன்னும் குளிக்கவே இல்லை, முக்கால் மணி நேரமாவது ஆகும்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அப்பாடா,” என்றார். “நானும் இன்னும் கிளம்பல.”