ஆச்சி தரும் பாதி ஃபீஸை எங்கே போடுவது?

கேள்வி: காரைக்குடியில் முறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை செய்து கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு வீட்டில் 350 ரூபாய் நாள் கூலிக்கு வேலை பார்க்கிறேன். கணவருக்குக் கொத்து வேலை. மகளுக்கு இரண்டே முக்கால் வயது. இதுவரை அவளுடைய அப்பத்தா பார்த்துக்கொண்டார். இப்போது அவருக்கு முழங்கால் வலி, பிள்ளை பின்னால் ஓட முடியவில்லை. தெருமுனையில் பால்வாடி இருக்கிறது. காசு கிடையாது, ஆனால் மூன்றரை மணிக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேலை முடிய ஆறு ஆகும். தனியார் பிளே ஸ்கூலில் ஆறு வரை வைத்துக்கொள்வார்கள், மாதம் 2,000 ரூபாய். வேலை கொடுக்கும் ஆச்சி, “பாதியை நான் தர்றேன்” என்கிறார். என்னோடு வேலை பார்க்கும் இன்னும் நாலு பேருக்கும் சின்னப் பிள்ளைகள் உண்டு. “பால்வாடியில் விட்டால் பிள்ளைக்கு என்ன வரும்?” என்கிறார் மாமியார். சின்ன வயதில் வெளியே விட்ட பிள்ளைகள் முரடாகிவிடும் என்று வெளிநாட்டு ஆராய்ச்சி சொல்வதாக நாத்தனார் போனில் காட்டுகிறாள். பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வேலையை விடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். உங்கள் கூலி நின்றால் பால், முட்டை, மருந்து என்று முதலில் குறைவது பிள்ளைக்குத்தான்.

நாத்தனார் காட்டியது பொய்யில்லை. கனடாவில் கியூபெக் என்றொரு மாகாணம். ஒரு நாளைக்கு ஐந்து டாலர் கொடுத்தால் போதும், மீதியை அரசு பார்த்துக்கொள்ளும் என்று 1997-இல் அங்கே குழந்தைக் காப்பகத் திட்டம் கொண்டுவந்தார்கள். நிறையத் தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பொருளாதார அறிஞர்கள் கணக்குப் பார்த்தபோது, பிள்ளைகளிடம் பதற்றமும் அடிதடிக் குணமும் கூடியிருப்பது தெரிந்தது. நாத்தனாருக்கு வந்தது அநேகமாக இந்தச் செய்திதான். ஆனால் அது வசதியான வீடு, வசதியில்லாத வீடு எல்லாவற்றையும் சேர்த்துப் போட்ட சராசரி. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளைப் பிரித்துப் பார்த்த பிந்தைய ஆய்வுகளில் அவர்களுக்கு நன்மையே தெரிந்தது. அங்கே பல காப்பகங்கள் சுமார் ரகம் என்பதையும் வேறு ஆய்வுகள் காட்டின.

உங்கள் ஆச்சி சொல்லும் யோசனைக்கு நெருக்கமானது அமெரிக்காவில் நடந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துக்குக் காப்பகக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசு தரும் திட்டம் அங்கே 1990-இல் வந்தது. தாய் வேலைக்குப் போகவேண்டும், அல்லது படிக்கவேண்டும். பிள்ளையை எங்கே விடுவது என்பது அவர் விருப்பம். இந்த உதவியால் தாய்மார்கள் வேலைக்குப் போவது கூடியது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பள்ளியில் சேர்ந்தபோது, உதவி வாங்காத அதே மாதிரிக் குடும்பத்துப் பிள்ளைகளைவிடச் சற்றுப் பின்தங்கியிருந்ததாகச் சில ஆய்வுகளில் வந்தது. வேலை நேரத்துக்குத் தோதான இடம் கிடைத்தால் போதும் என்று விடும்போது, தரம் அடிபட்டுப் போகிறது என்பதுதான் ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். ஆறு மணி வரை வைத்துக்கொள்வார்கள் என்று நீங்கள் பிளே ஸ்கூலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஆறு மணி வரை பிள்ளையோடு யார் உட்கார்ந்திருப்பார் என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் தெரியவேண்டும்.

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்றால், அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் ஒரு சின்னப் பள்ளி தொடங்கினார்கள். மொத்தம் 123 ஏழைக் கறுப்பினக் குழந்தைகள். அதில் 58 பேரை மட்டும் பெர்ரி என்ற பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம்தான் வகுப்பு. ஆனால் ஐந்தாறு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். அந்த ஆசிரியரே வாரம் ஒருமுறை வீட்டுக்குப் போய், அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்து பேசுவார். அந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வயதாகும் வரை விடாமல் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், நல்ல சம்பளம் வாங்கியவர்கள் அந்த 58 பேரில்தான் அதிகம். போலீஸில் மாட்டியவர்கள் குறைவு. அங்கே செலவழித்த பணத்தில் பெரும்பகுதி ஆசிரியர்களுக்குப் போனது.

சரி, அது எங்கேயோ நடந்தது. நம் தமிழ்நாட்டு பால்வாடிகளிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்திருக்கிறது. கார்த்திக் முரளிதரன், அலெஹாந்திரோ கனிமியன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் அதில் பாதி மையங்களுக்குக் கூடுதலாக ஒரு பெண்ணை, அரை நாள் வேலைக்குச் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது மட்டும் அவர் வேலை. சமையல், எடை பார்ப்பது, தடுப்பூசி, பதிவேடு, போனில் விவரம் ஏற்றுவது என்று ஒற்றை ஆளாக அல்லாடிக்கொண்டிருந்த பழைய பணியாளருக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது. மையத்தில் கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. பதினெட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் தெளிவாக முன்னால் இருந்தார்கள். எடை குறைந்து, வளர்ச்சி குன்றிப்போன பிள்ளைகளும் அங்கே குறைவு. அதே கட்டடம், அதே சாப்பாடு. கூடுதலாக வந்தது ஓர் ஆள், அதுவும் அரை நாளைக்கு. இந்த முடிவை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சின்ன விஷயத்தை நாம் எத்தனை வருடமாகச் செய்யாமல் இருந்திருக்கிறோம்!

அதனால் உங்கள் மாமியாரிடம், பால்வாடி என்றாலே மட்டம் என்று ஒதுக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். 1975-இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு, இரண்டும் சேர்ந்து வளர்ந்த இடம் அது. மதியம் சுடச்சுடச் சாப்பாடும் வாரத்துக்கு மூன்று முட்டையும் பல பிளே ஸ்கூல்களில் கிடைக்காது. அங்கே பிள்ளையின் டப்பாவில் நீங்கள் வைப்பதுதான். ஆனால் எல்லா பால்வாடியும் ஒன்றுபோல இருக்காது. ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பதினொரு மணிக்குப் போய் அரை மணி நேரம் உட்காருங்கள். டீச்சர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அழுகிற பிள்ளையை ஆயா தூக்குகிறாரா? ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று மாதத்துக்கு ஒரு கருப்பொருள் வைத்து அங்கே பாடத்திட்டம் உண்டு. அது சுவரில் படமாகத் தொங்குவதோடு நிற்கிறதா, பிள்ளைகள் வாயில் பாட்டாக வருகிறதா என்று பாருங்கள். பணியிடம் காலியாகி, ஒரே டீச்சர் இரண்டு மையத்தைப் பார்க்கிறார் என்றால் பக்கத்துத் தெரு மையத்தையும் போய்ப் பாருங்கள். பிளே ஸ்கூலுக்கும் இதே அரை மணி நேரத்தைக் கொடுங்கள். இரண்டே முக்கால் வயதுப் பிள்ளையைக் கோடு போட்ட நோட்டில் ஏ, பி, சி எழுத வைத்தால், நான் அங்கே விடமாட்டேன்.

இனி அந்த மூன்றரையிலிருந்து ஆறு மணி வரை. என் அம்மா புதுவயலில் அரிசி ஆலைக் களத்தில் நெல் காயவைக்கும் வேலை பார்த்தவர். புங்க மரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டு, சுடுகிற களத்தில் காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருப்பார். நடக்க ஆரம்பித்த பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை ஒரு பாட்டி பார்த்துக்கொள்வார். களத்து வேலைக்கு அவருக்கு உடம்பு தாங்காது. விடுகதை போடுவார், புளியங்கொட்டை எண்ண வைப்பார். ஆலைக்காரர் அவருக்கு அரைக்கூலி கொடுத்தார். எனக்கு எண்ணத் தெரிந்தது அந்தப் புளியங்கொட்டையில்தான்.

உங்கள் பலகார வீட்டிலும் இதைச் செய்யலாமே. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் குழந்தைக் காப்பகம் வைக்கவேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள், 1976-இல் அதை முப்பதாகக் குறைத்தார்கள். உங்கள் இடத்துக்கு அது பொருந்தாது. ஆனால் 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு நல்ல வழி இருந்தது. வேலைக்கு வரும் பெண்களோடு சின்னப் பிள்ளைகள் ஐந்து பேர் வந்தாலே, அந்தப் பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்க்க விட்டுவிட வேண்டும். அவருக்கும் கூலி உண்டு. உங்களையும் சேர்த்து ஐந்து வீட்டுப் பிள்ளைகள் ஆயிற்று.

ஆச்சி தருவதாகச் சொன்ன 1,000 ரூபாயோடு நீங்கள் ஐந்து பேரும் ஆளுக்கு 300 போட்டால் 2,500. உங்களோடு வேலை பார்ப்பவர்களில் வயதான ஒருவர், அடுப்புச் சூடு ஒத்துக்கொள்ளாதவர், நிச்சயம் இருப்பார். மாதம் 26 நாள், மூன்றரையிலிருந்து ஆறு வரை அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், மணிக்கணக்கில் உங்கள் கூலிக்குக் கிட்டத்தட்டச் சமமாக வரும். உங்கள் கைச்செலவு 1,000-க்குப் பதில் 300. முகப்புத் திண்ணையும் அதை ஒட்டிய இடமும் போதும். இரண்டாம் கட்டில் எண்ணெய்ச் சட்டி காயும் பக்கம் எந்தப் பிள்ளையும் வரக்கூடாது. நடுவில் கதவைப் பூட்டுவதை ஆச்சியே தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவேண்டும். போனைக் கையில் கொடுத்து உட்கார வைக்கக்கூடாது என்பதையும் முதல் நாளே பேசிவிடுங்கள்.

அப்பத்தாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இத்தனை நாள் வளர்த்தவர், இப்போது பிள்ளை பால்வாடிக்குப் போனால் தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைப்பார். பாதிக் கோபம் அதனால்தான் என்று எனக்குப் படுகிறது. ஓட முடியாவிட்டால் என்ன, கதை சொல்ல முழங்கால் வேண்டாம். இரவு நீங்கள் அசந்து உட்காரும் அரை மணி நேரத்தைப் பேத்திக்கும் அவருக்கும் விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. எல்.கே.ஜி. வயது வரும்போது, தனியார் பள்ளி வேண்டும் என்று தோன்றினால் அதற்குக் கடன் வாங்காதீர்கள். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி சிறுபான்மை அல்லாத தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பின் 25 சதவீத இடங்கள் நலிந்த பிரிவினருக்கு உண்டு. கட்டணத்தை அரசு தரும். ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் என்று வருமானச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் இருப்பிடச் சான்றும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

ஆச்சியிடம் தனியாகப் போய்க் கேட்காதீர்கள், ஐந்து பேரும் சேர்ந்து போங்கள். தீபாவளி ஆர்டரும் கல்யாணச் சீர்ப் பலகாரமும் நெருக்கும் நேரம் வேண்டாம். ஆடியில் அடுப்பு கொஞ்சம் ஓயும், அப்போது பேசுங்கள். ஒரு மாதம் பார்ப்போம் என்று அவர் சொன்னாலே போதும். அந்த ஒரு மாதத்தில் பிள்ளைகள் எப்படி இருந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மற்ற நாலு பிள்ளைகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.