ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு

கேள்வி: சார், எங்க அக்கா பொண்ணு மிச்சிகன்ல ஹாலந்துங்கிற ஊர்ல இருக்கா. சுத்துப்பட்டு சின்ன ஊர்ல எல்லாம் ‘ரிஃபார்ம்ட்’னு ஒரு சர்ச், கூப்பிடு தூரத்துலயே ‘கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட்’னு இன்னொண்ணாம். ரெண்டும் டச்சுக்காரங்களோடதுதானாம். அப்புறம் எதுக்கு ரெண்டு? (வேலூர் வாசகி)

பதில்: நம்ம ஊர்ல சபைச் சண்டையே பாக்காத மாதிரி கேக்கறீங்களேம்மா! கதை நெதர்லாந்துல 1834ல ஆரம்பிக்குது. உல்ரம் கிராமத்து போதகர் ஹென்ட்ரிக் டி காக், அரசாங்க சபை வழி தப்பிடுச்சுன்னு தன் ஜனங்களோட வெளிய வந்தார். அரசாங்கம் சும்மா விடல, அனுமதி இல்லாம 20 பேருக்கு மேல கூடுனா ஃபைன், வீட்டுக்குள்ள சிப்பாய்ங்களக் கொண்டாந்து தங்க வைக்கறது, டி காக்குக்கு ஜெயிலு. அது போதாதுன்னு 1845ல உருளைக்கிழங்கும் அழுகிப்போச்சு.

ஃபான் ரால்டேன்னு ஒரு போதகர் ஒரு கூட்டத்தோட கப்பல் ஏறி, 1847 பிப்ரவரில மிச்சிகன் காட்டுக்குள்ள போய் இறங்கினார். மரம் வெட்டியே பழக்கமில்லாத ஜனங்க, கோடாரிய எப்படி பிடிக்கறதுன்னே தெரியாது, அந்தக் கோடையில மலேரியா வேற வந்து சாவு மேல சாவு. அதுலயும் அதே வருஷமே மரக்கட்டைய அடுக்கி ஒரு கோயில் கட்டிட்டாங்க பாருங்க. பக்கத்துலயே ஸீலண்ட், ஃப்ரீஸ்லண்ட், கிராஃப்ஸ்காப்னு விட்டுட்டு வந்த ஊர் பேரையே வெச்சு கிராமங்க, ஊருக்கு ஒரு சபை. 1850ல எல்லாருமா அமெரிக்காவுல ஏற்கெனவே இருந்த பழைய டச்சு சபையோட சேர்ந்துட்டாங்க. நீங்க கேட்ட ‘ரிஃபார்ம்ட்’ அதுதான்.

ஏழு வருஷம்தான். 1857 ஏப்ரல்ல கிராஃப்ஸ்காப், நோர்டலோஸ், போல்க்டன், கிராண்ட் ரேபிட்ஸ்னு நாலு சபை பிரிஞ்சுது. கிராஃப்ஸ்காப்காரங்க எழுதுன லெட்டர்ல புகார் வரிசையா இருக்கு: பைபிள்ல இருக்கற சங்கீதம் பாடுற இடத்துல 800 ஞானப்பாட்ட நுழைச்சுட்டீங்க, திருவிருந்துக்கு வேற சபைக்காரங்களையும் கூப்பிடறீங்க, ஹைடல்பர்க் வினாவிடைய வெச்சு ஒழுங்கா பிரசங்கம் பண்றதில்ல. (அவங்க விசுவாசத்தச் சொல்லிக்குடுக்கற புத்தகம். 129 கேள்வி, 129 பதில், நம்ம கேள்வி-பதில் பகுதிக்கெல்லாம் அது தாத்தா!) ஆனா ரொம்ப மனசு நொந்து எழுதுனது வேற ஒண்ணு. நாங்க 1834ல பிரிஞ்சது அவ்வளவு அவசியமில்லன்னு உங்கள்ல சிலர் நினைக்கிறீங்களேன்னு. ஃபைன் கட்டி, அடி வாங்கி, கடல் தாண்டி வந்தவன்கிட்ட ‘நீ வந்திருக்கவே வேணாம்’னா எப்படி இருக்கும்? எனக்கென்னவோ 800 பாட்ட விட இதுதான் நிஜக் காரணம்னு படுது.

பிரிஞ்ச ரெண்டு போதகர்ல ஒருத்தர் அதே வருஷம் பழைய சபைக்கே திரும்பிட்டார். மிச்சம் ஃபான் டென் போஷ் ஒருத்தர்தான், அத்தனை சபைக்கும் அவரே. அந்தப் பிரிஞ்ச கூட்டம்தான் பின்னாடி ‘கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட்’ ஆச்சு.

ஆங், வேலூர்ல இருந்து எழுதியிருக்கீங்க, இதச் சொல்லாம விட்டா தப்பு. 1853ல ஆற்காடு மிஷன ஆரம்பிச்ச ஸ்கட்டர் சகோதரர்கள் அந்தப் பழைய டச்சு சபைக்காரங்கதான், சிஎம்சி கட்டுன ஐடா ஸ்கட்டரம்மா அதே குடும்பம். பொண்ண ஒரு ஞாயித்துக்கிழமை ‘ரிஃபார்ம்ட்’ பக்கம் போய் வேலூர்னு சொல்லிப் பாக்கச் சொல்லுங்க, வயசானவங்க யாராவது உக்கார வெச்சு காபி குடுத்தாலும் குடுப்பாங்க.