வினாடி வினா வைத்து வாடிக்கையாளர் மின்னஞ்சல் சேர்க்கலாமா?

மார்த்தாண்டத்தில் தேன் விற்கிறேன், இணையத்தில் வினாடி வினா வைத்து மின்னஞ்சல் முகவரிகள் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் கேள்விகள் தேனைப் பற்றி இருக்கட்டும். தலைநகரத்தைச் சொன்னால் செல்போன் பரிசு என்று அறிவித்தால் பரிசுக்கு அலைபவர்கள்தான் வருவார்கள், தேன் வாங்குபவர்கள் அல்ல.

உங்கள் ஊரிலேயே அருமையான கேள்வி கிடக்கிறது: ரப்பர் தோட்டத்துத் தேன் எங்கிருந்து வருகிறது? பூவிலிருந்து என்றுதான் பலரும் சொல்வார்கள். உண்மையில் இளம் இலையில், மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ பெரும்பாலும் எடுக்கிறது. அப்புறம், உறைந்த தேன் கலப்படமா? இல்லை, குளுக்கோஸ் படிகமாகிறது, அவ்வளவுதான். இப்படி ஐந்து கேள்வி போதும்.

மதிப்பெண்ணை உடனே காட்டிவிடுங்கள். விளக்கம் மின்னஞ்சலில் வேண்டுமா என்று பிறகு கேளுங்கள். மதிப்பெண்ணை ஒளித்துவைத்து முகவரி பிடுங்குவது எனக்குப் பிடிக்காது. விளம்பர மடலுக்குத் தனியாக ஒரு டிக் பெட்டி வேண்டும், அதில் நீங்களே டிக் போட்டு வைக்காதீர்கள். சம்மதம் தெளிவாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தேவைக்கு மேல் பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் எதற்கு?

முகவரி வந்ததும் உறுதிப்படுத்தும் மடல் ஒன்று அனுப்பி, அதிலுள்ள இணைப்பைத் தட்டியவரை மட்டும் பட்டியலில் சேருங்கள். எழுத்துப்பிழை முகவரிகள் அங்கேயே கழிந்துவிடும்.

கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு அந்தப் பக்கமும் வாடிக்கையாளர் உண்டென்றால் மலையாளத்திலும் ஒன்று வையுங்கள். விளையாடிய மொழியிலேயே மடலும் போகட்டும்.