எருக்குழியில் கிடந்த சிவப்புப் புழு

அன்புள்ள ஐயா,

மல்லிகைக்கு எரு எடுக்கக் குழியைக் கிளறியபோது, உயிருள்ள வெள்ளை வேர்ப்புழுக்களுக்கு நடுவே செங்கல் நிறத்தில் செத்த புழு ஒன்று கிடந்தது. அழுகல் நாற்றம் இல்லை, எறும்பும் மொய்க்கவில்லை. நூற்புழுவும் பாக்டீரியாவும் 'நட்பாக'ச் சேர்ந்து பூச்சியைக் கொல்வதாக எழுதியிருந்தீர்கள். எங்கள் செடியில் வேர்முடிச்சு உண்டாக்குவதும் நூற்புழுதானே? இதில் கொன்றது யார்?

கா., செக்கானூரணி

அன்புள்ள கா.,

வேர்முடிச்சு நூற்புழு செடியின் வேரில் வாழ்வது. நான் எழுதியது பூச்சிக்குள் புகுவது. இரண்டும் நூற்புழுதான்; ஆனால் இனமும் வேறு, பிழைப்பும் வேறு.

நீங்கள் சொல்லும் நிறத்தை வைத்துப் பார்த்தால் அது ஹெட்டரோராப்டைட்டிஸ் நூற்புழுவின் வேலையாக இருக்கலாம். அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அதன் இளம்புழு, ஃபோட்டோராப்டஸ் என்னும் பாக்டீரியாவைக் குடலில் சுமந்துகொண்டு, இரை எதுவும் எடுக்காமல் ஈரமண்ணில் காத்திருந்து, பூச்சியின் வாய் வழியாகவோ மூச்சுத்துளை வழியாகவோ, தன் பல்லால் மெல்லிய தோலைக் கிழித்தோ உள்ளே நுழைந்து, அந்தப் பாக்டீரியாவைப் பூச்சியின் இரத்தத்தில் கக்குகிறது. இரண்டொரு நாளில் பூச்சி சாகிறது. கொல்வது பெரும்பாலும் பாக்டீரியாவின் நஞ்சு. மெழுகு அந்துப்பூச்சியின் புழுவுக்குள் ஊசியால் செலுத்தினால் பத்துக்கும் குறைவான பாக்டீரியாக்களே போதும். ஆனால் அவற்றை உள்ளே கொண்டுசேர்க்க நூற்புழு வேண்டும். செத்த உடலில் வேறு கிருமிகள் பெருகாதபடி பாக்டீரியா சுரக்கும் பொருள்களால்தான் அது அழுகுவதில்லை, எறும்பும் ஒதுங்குகிறது. செங்கல் நிறமும் பாக்டீரியா தருவதே. பெருகிய பாக்டீரியாவை மேய்ந்து நூற்புழு வளர்கிறது.

'நட்பு' என்று நான் எழுதியது பிழை. இரை தீரும் காலத்தில் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்று வளர்கின்றன; தாயின் மலக்குடல் சுரப்பியில் ஏற்கெனவே குடியேறியிருக்கும் பாக்டீரியாவை அங்கேதான் பெற்றுக்கொண்டு வெளியேறுகின்றன. விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்கு உழுவது போல என்று சொல்லலாம் என நினைத்தேன். பெற்றவளையே தின்னும் வாரம் நம் பக்கத்தில் கிடையாது.

மறுபடி அப்படி ஒரு புழு கிடைத்தால், தட்டில் சிறிது தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் ஓரம் தண்ணீரைத் தொடும்படி ஈரத்தாளை விரித்துப் புழுவைக் கிடத்துங்கள். 1927 முதல் ஆய்வகங்களில் இருக்கும் முறைதான் இது. இரண்டு மூன்று வாரத்தில் தண்ணீர் கலங்கலாகும். டார்ச் அடித்தால் நூல்நூலாக நெளிவது தெரியும். செத்த புதிதில் அந்தப் புழு இருட்டில் மங்கலாக ஒளிரவும் செய்யும். ஒருமுறை மின்வெட்டு இரவில், கண் இருட்டுக்குப் பழகும்வரை கால்மணி நேரம் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். கற்பனையோ என்ற சந்தேகத்தில் உள்ளங்கையால் மறைத்தும் விலக்கியும் பார்த்த பிறகே நம்பினேன்.

வெயிலும் வறட்சியும் இளம்புழுக்களுக்கு ஆகாது. நீங்கள் கண்ட புழுவைக் குழிக்கு வெளியே எறிந்திருந்தால், நிழல் பக்கத்து ஈர எருவில் புதைத்துவிடுங்கள்.