படிகவியலுக்கு மென்பொருள் எழுத இளைஞர்களை எப்படிப் பழக்குவது?

படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுங்கியிருக்கின்றன என்று ஆராய்வதுதான் படிகவியல். இந்தக் கேள்வியிலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது: இதற்குக் கணினி அறிவியல் படித்தவர்கள் வேண்டுமா, இயற்பியல் மாணவர்களே போதுமா? நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். படிகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் மாணவரைப் பிடித்து நிரல் எழுத வையுங்கள் என்பதுதான் என் பதில்.

இந்தத் துறையின் பெரிய மென்பொருட்கள் அப்படித்தான் பிறந்தன. தூளாக்கிய படிகத்தில் எடுத்த பவுடர் தரவிலிருந்து கட்டமைப்பைச் செம்மைப்படுத்தும் முறையை 1969இல் வெளியிட்ட ஹ்யூகோ ரீட்வெல்ட், அணு உலையில் நியூட்ரான் தரவோடு வேலை பார்த்தவர். படிகக் கட்டமைப்பைத் தீர்க்கும் ஷெல்எக்ஸ் மென்பொருளை 1976இல் வெளியிட்ட ஜார்ஜ் ஷெல்ட்ரிக் ஒரு வேதியியலாளர். தங்கள் படிகத்துக்குத் தேவைப்பட்டதால் எழுதினார்கள். ரீட்வெல்ட் 2016இல் மறைந்துவிட்டார். அந்தத் தலைமுறை எழுதியதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் இப்போது வேண்டும்.

முனைவர் பட்டக் காலத்தில் நான் பொத்தானை அழுத்த மட்டுமே கற்றேன். ஆர் மதிப்பு (அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாடு) குறைந்தால் போதும் என்று நம்பி, ஒரு கட்டமைப்பில் இருந்த சமச்சீரைக் கவனிக்காமல் தவறான ஸ்பேஸ் குரூப்பில், அதாவது தவறான சமச்சீர் வகையில், தீர்த்து அனுப்பினேன். மதிப்பாய்வாளர் பிடித்துவிட்டார். மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது என்று எனக்கு யாரும் காட்டியதில்லை. என் மாணவர்களுக்கு அந்த நிலை வரக் கூடாது என்றுதான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கினேன்.

முதல் பொருள் தூத்துக்குடி உப்பு. படிகத்தில் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் பெட்டியான அலகுக்கூடு இதில் கனசதுரம், பக்கம் 5.64 ஆங்ஸ்ட்ராம். தாமிரத்திலிருந்து வரும் எக்ஸ்-கதிரின் அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். கதிர் எந்தக் கோணத்தில் சிதறும் என்று சொல்லும் பிராக் விதியைப் பைத்தானில் எழுதினால் முக்கியமான பீக் (கதிர் வலுவாகச் சிதறும் இடம்) 31.7 பாகையில் வர வேண்டும். இருபது வரிகளில் வந்துவிடும், எல்லோருக்கும் சந்தோஷம்.

அடுத்த வாரம் உடன்குடிப் பனங்கற்கண்டு. அதில் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். அதே நிரலில் மூன்று பக்க நீளங்களை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "சார், உப்புக்குச் சரியா வந்துச்சுல்லா, கற்கண்டுக்கு ஏன் வரல?" அவள் நிரலில் 1 0 1, 1 0 -1 என்று எண்ணிட்ட இரண்டு அணுத் தளங்களின் பீக்குகளும் 14 பாகையில் ஒரே கோடாக விழுந்தன. உண்மையில் ஒன்று 15.8க்கும் மற்றது 12.8க்கும் பிரிய வேண்டும். சுக்ரோஸின் கூடு சாய்ந்தது, பீட்டா கோணம் சுமார் 103 பாகை. எல்லாக் கோணமும் 90 என்ற நினைப்பு, எழுதியவளுக்கே தெரியாமல் நிரலுக்குள் உட்கார்ந்திருந்தது. நான் விடையைச் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, பக்கங்களோடு கோணங்களையும் கணக்கில் எடுத்து எந்தக் கூட்டுக்கும் பொருந்தும் மெட்ரிக் டென்சரோடு வந்து நின்றாள். பாடமாக நடத்தியபோது அந்த டென்சர் யார் மனதிலும் ஒட்டியதில்லை.

அப்புறம் சிஐஎஃப் கோப்பு. 1991 முதல் படிகக் கட்டமைப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் உரை வடிவம் இது. லட்சக்கணக்கான கோப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, கருவி இல்லாத எங்களைப் போன்ற கல்லூரிக்கு அது பெரிய வரம். அதில் நீளம் 5.640(1) என்று பிழையளவோடு இருக்கும். எண்ணாக மாற்றப் போனால் நிரல் அந்த அடைப்புக்குறியில் நின்றுவிடும். சில இடங்களில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறிதான் இருக்கும். அடைப்புக்குறியை வெட்டி எறிவது சுலபம், ஆனால் அளந்தவர் தன் அளவை எவ்வளவு நம்பினார் என்பதே அதற்குள்தான் இருக்கிறது. இதைக் கணினி மட்டும் படித்தவருக்குப் புரியவைக்க எனக்கு நேரம் பிடிக்கிறது. இயற்பியல் மாணவருக்கு, நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியைக் கற்றுக்கொடுக்க இரண்டு மதியம் போதும்.

உப்பும் கற்கண்டும் இப்போது எங்கள் சோதனைக் கோப்புகள். யார் என்ன மாற்றினாலும் இரண்டுக்கும் பழைய விடை வந்தால்தான் சேர்ப்போம். இது பழகியபின் படிகவியலுக்கான சிசிடிபிஎக்ஸ் போன்ற திறந்த மூல நிரல் நூலகத்தைத் திறந்து, ஒரே ஒரு செயற்கூற்றை வரிவரியாகப் படிக்க வைக்கிறேன்.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மாணவரின் நிரலை ஆய்வாகக் காட்டியபோது, "இது மென்பொருள்தானே, ஆய்வு எங்கே?" என்று ஒரு குழுவில் கேட்டார்கள். அவர் இப்போது பெங்களூரில் வங்கி மென்பொருள் எழுதுகிறார். அந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை. அதன்பின் எங்கள் துறையில் பேசிப் பேசி, நிரலையும் அதன் சோதனைகளையும் எம்.எஸ்சி. திட்டப்பணியாகவே ஏற்க வைத்திருக்கிறோம். நீங்கள் ஆசிரியராக இருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். மாணவராக இருந்தால், சரி, இன்றே ஒரு கற்கண்டுக் கோப்பை இறக்கி முதல் பத்து பீக்குகளைக் கணக்கிட்டுப் பாருங்கள். எங்கே மாட்டுகிறது என்று கருத்தில் எழுதினால் கட்டாயம் பார்க்கிறேன்.