உப்புவெளி வகுப்பும் முதல் மின்னஞ்சலும்

வணக்கம் ஐயா,

உப்புவெளியில் எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில் சனிக்கிழமைகளில் பன்னிரண்டு பேருக்குப் போன் பாவனை சொல்லிக் கொடுக்கிறேன். அநேகர் ஐம்பது தாண்டியவர்கள். முதல் நாள் முழுக்க ஜிமெயில் கணக்குத் திறப்பதிலேயே போய்விட்டது. நாலு பேரின் கணக்குக்கு என் போன் இலக்கத்தைக் கொடுத்தேன், அதற்குமேல் ஏற்கவில்லை. ஒரு அக்காவுக்கு மெயில் வருவதே நின்றுவிட்டது. “இனி ஏஐ (செயற்கை நுண்ணறிவு) கடிதம் எழுதித் தரும், இதெல்லாம் எதற்கு?” என்று இளம் பிள்ளைகள் கேட்கிறார்கள். எதை முதலில் படிப்பிக்கலாம்?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள தங்கைக்கு,

மின்னஞ்சலைத்தான் முதலில் படிப்பியுங்கள். ஏஐ எழுதித் தருவது சரியான கடிதமா என்று பார்க்க, கடிதம் எழுதிப் பழகிய கண் வேண்டும்.

ஆனால் புதுக் கணக்குத் திறக்க வேண்டாம். அன்ட்ராய்ட் போனில் பிளே ஸ்டோர் வேலை செய்கிறதென்றால் அதில் ஒரு கூகுள் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் போன் வாங்கிய கடையிலேயே திறந்து கொடுத்திருப்பார்கள். உரியவருக்கு முகவரியும் தெரியாது, கடவுச்சொல்லும் தெரியாது. ஜிமெயில் செயலியின் வலது மேல்மூலை வட்டத்தைத் தொட்டால் முகவரி தெரியும். அதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பிறகு கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், மீட்பு இலக்கம், அதாவது கடவுச்சொல் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் போன் இலக்கம், யாருடையது என்று பாருங்கள். கடைக்காரருடையதாகவோ, எப்போதோ எறிந்த சிம் ஆகவோ இருக்கலாம். போன் கையில் இருக்கும்போதே அதை மாற்றி, புதுக் கடவுச்சொல்லும் வைத்துவிட வேண்டும். போன் தொலைந்தபின் கணக்கை மீட்பது மிகக் கடினம்.

உங்கள் இலக்கத்தை ஏற்காததற்குக் காரணம், ஒரே இலக்கத்தில் இத்தனை கணக்குத்தான் என்று கூகுள் ஒரு வரம்பு வைத்திருப்பது. ஒரே வைஃபையிலிருந்து அடுத்தடுத்துத் திறந்தாலும் சந்தேகப்படும். உண்மையாகவே கணக்கு இல்லாதவர்கள் தங்கள் சிம்மில், தங்கள் டேட்டாவில், வீட்டிலிருந்து திறக்கட்டும். +94 போட்டால் முன்னால் உள்ள 0 வராது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

முதல் கடிதத்தைப் பக்கத்தில் இருப்பவருக்கே எழுத வையுங்கள். போகிறது, வருகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கேதான் பிழைகள் மொய்க்கும். புள்ளிக்குப் பதில் கமா, ‘காம்’ என்பதற்குப் பதில் ‘கான்’, முகவரிக்கு முன்னால் பழக்கத்தில் போட்ட டபிள்யூ மூன்று, விசைப்பலகை தானாகச் சேர்த்த இடைவெளி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து பற்றிக் கவலை வேண்டாம். ஜிமெயில் முகவரியில் அது பொருட்டே இல்லை, கடவுச்சொல்லில்தான் பொருட்டு. வேண்டுமென்றே ஒரு தவறான முகவரிக்கு அனுப்பி, ‘மெயில் டெலிவரி சப்சிஸ்டம்’ என்ற பெயரில் திரும்பி வரும் அறிவிப்பை எல்லோரும் வாசிக்கட்டும். இதைப் பார்த்துப் பழகாதவர்கள் பதில் வந்துவிட்டதென்று நினைத்து, திறக்காமலே விட்டுவிடுவார்கள்.

தட்டச்சு வராதவர்களுக்கு, கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டின் குரல் தட்டச்சு பெரிய உதவி. மொழிப் பட்டியலில் தமிழ் (இலங்கை) என்று தனியாக இருக்கிறது. இந்தியத் தமிழைத் தெரிவு செய்துவிட்டு “நான் பேசுவது அதற்கு விளங்கவில்லை” என்று மனம் சோர விடாதீர்கள்.

ஏஐ வகுப்புக்குள் நுழைய வேண்டிய இடமும் இதுதான். வாயால் சொன்ன கடிதத்தில் கமாவும் முற்றுப்புள்ளியும் இருக்காது. அதை அப்படியே கூகுளின் ஏஐ செயலியான ஜெமினியில் ஒட்டி, “சொற்களை மாற்றாதே, எழுத்துப்பிழையையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் திருத்து” என்று கேட்கட்டும். கடிதம் அவர்களுடையதாகவே இருக்கும். என்ன மாறியது என்பதும் அவர்களுக்கே தெரியும்.

அடுத்த கிழமை முழுக் கடிதம். தெருவிளக்கு எரியவில்லை என்று பிரதேச சபைக்கு ஒரு முறைப்பாடு கேளுங்கள். வருவதை வரிவரியாகப் பாருங்கள். வட்டாட்சியர், மாவட்ட ஆட்சியர் என்று தமிழ்நாட்டுப் பதவிகள் வந்து நிற்கலாம். வலையில் உள்ள தமிழில் பெரும்பகுதி அங்கிருந்து எழுதப்பட்டது, அதைப் படித்துத்தான் இது எழுதுகிறது. எனவே கேட்கும்போதே “இலங்கை, திருகோணமலை மாவட்டம்” என்று சொல்லி, பிரதேச செயலாளர், கிராம அலுவலர் என நம்முடைய சொற்களைக் கொடுத்துவிட வேண்டும். நீங்கள் சொல்லாத “மூன்று மாதங்களாக” என்பதுபோல் ஒன்றைத் தானே சேர்த்திருக்கலாம். அடைப்புக்குள் ‘உங்கள் பெயர்’ என்று விட்ட இடத்தை நிரப்பாமலே அனுப்பிவிடுவதும் நடக்கும். பெயர், திகதி, இலக்கம் ஒவ்வொன்றிலும் விரலை வைத்துச் சரிபார்த்த பிறகே அனுப்புவது என்பதை வகுப்பின் சட்டமாக்குங்கள்.

அது பிழை விடும் என்று வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்ததைக் கேட்க வையுங்கள். திருகோணமலைக் கன்னியாவில் எத்தனை வெந்நீர்க் கிணறு என்றால் ஏழு என்று சரியாகச் சொல்லக்கூடும். அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். உங்கள் ஒழுங்கையிலுள்ள பிள்ளையார் கோயிலை எந்த ஆண்டு கட்டினார்கள் என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்லலாம்; அதே உறுதியான குரலில் ஒரு ஆண்டையும் சொல்லலாம். அடுத்து எந்தச் சொல் வரப் பொருத்தம் என்று கணித்து எழுதுவது அதன் வேலை. எழுதப்படாத இடத்தையும் அது சொல்லால் நிரப்பும்.

தேசிய அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, ஓடிபி (போனுக்கு வரும் ஒருமுறைக் குறியீடு) எதையும் ஏஐயிடம் கொடுக்கக் கூடாது. அட்டை இலக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். புதிய 12 இலக்கத்தில் முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். கடிதத்தில் அது தேவையென்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, அனுப்பும் முன் கையால் நிரப்பட்டும்.

மெயில் நின்றுபோன அக்காவின் கணக்கில் இலவச 15 ஜிபி நிரம்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். அந்த இடத்தை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கிடுகின்றன. வாட்ஸ்அப் காப்புப்பிரதியும் அதற்குள்தான் போகிறது. நிரம்பினால் அனுப்பவும் முடியாது, வரவும் வராது. வாட்ஸ்அப் அமைப்புகளில் உள்ள சாட்ஸ் (Chats) பகுதிக்குள் போய், காப்புப்பிரதியில் வீடியோ சேர்ப்பதை நிறுத்தி, ஒருமுறை புதிதாகக் காப்பெடுக்கச் சொல்லுங்கள். பிறகு ஜிமெயிலில் பெரிய இணைப்புள்ள பழைய மெயில்களை அழித்து, குப்பைத் தொட்டியையும் வெறுமையாக்குங்கள். அதில் கிடப்பவை 30 நாள் வரை இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். இதற்கிடையில் அவருக்கு அனுப்பித் திரும்பிப்போன மெயில்களைத் திரும்ப அனுப்பும்படி உரியவர்களிடம் கேட்க வேண்டும். அவை தானாக வரமாட்டா.