சுயேச்சையான இசைத்தட்டுக் கடைகளில் வாடிக்கையாளர்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது?

பெரிய நிறுவனச் சங்கிலியில் சேராமல், உரிமையாளர் தன் ரசனைப்படி நடத்தும் கடை இது. லண்டனில் 1976இல் தொடங்கிய ரஃப் டிரேட் நல்ல உதாரணம்.

பிடிப்பது அந்த ரசனைதான். நம் வீட்டுத் தேவை தெரிந்த மளிகைக்கடை அண்ணாச்சி போல, "இதைக் கேட்டுப் பாருங்க" என்று ஒரு தட்டை நீட்டுவார்கள். பழைய தட்டு என்றால் உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் சாய்த்துக் கீறல் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். இணையத்தில் அது நடக்காது.

பிடிக்காதது? முதலில் விலை. விற்காத புதுத் தட்டைப் பெரும்பாலும் விநியோகஸ்தரிடம் திருப்பித் தர முடியாது; நஷ்டம் கடைக்கே, அதனால் விலையும் கூடுகிறது. அப்புறம், புதிதாக வருபவரை ஏளனமாகப் பார்க்கும் சில ஊழியர்கள். விலையைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதை முடியாது.

இந்தக் கடைகளில் பழைய தட்டுகள் மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வாரம் வெளியான ஆல்பத்தையும் வாங்கலாம்.